மார்மன் சமயத்துக்கு எழுந்த எதிர்ப்பு: பலதார மணத்துக்கு முன்னும் பின்னும்

மார்மன் சமயத்தவரை அமெரிக்கர்கள் அத்தனை கடுமையாக எதிர்த்ததற்குப் பலதார மணம்தான் காரணமா, அவர்கள்மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் எவை இன்றும் நிற்கக்கூடியவை என்பது கேள்வி. முதல் பகுதிக்கு விடை, அது மட்டும் காரணமல்ல என்பதே. மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் மாவட்டத்திலிருந்து அவர்கள் துரத்தப்பட்டது 1833-இல். அந்த மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டது 1838-இலும் 1839-இலும். பலதார மணம் தங்கள் கொள்கை என்று அவர்கள் ஊரறிய அறிவித்ததோ 1852-இல். ஆகவே முதல் இருபது ஆண்டுகளின் வன்முறைக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாம் பகுதிக்கு விடை சொல்ல, ஒரு கூட்டத்தாரின் வீடுகளைக் கொளுத்தியதையும் அவர்களுடைய வேதநூலின் உண்மையை ஆராய்ந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியவர்கள் எதிரணியிலும் இருந்தார்கள், சபைக்குள்ளும் இருந்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் எளிய மனிதர்கள் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1805-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பால்மைரா என்ற ஊருக்கு அருகே வளர்ந்தார். அந்தக் காலத்தில் அப்பகுதி முழுவதும் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களால் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிரிவும் தன் பக்கம் ஆள் சேர்த்தது. மக்கள் பைபிளையும் நம்பினார்கள், புதையலைக் காட்டும் கல்லையும் நம்பினார்கள். இளைஞரான ஸ்மித் அப்படியொரு கல்லைக் கொண்டு மண்ணுக்குள் இருப்பதைக் காண வல்லவர் என்று பெயரெடுத்திருந்தார். இது தொடர்பாக 1826-இல் நீதிபதி ஒருவர் முன் விசாரிக்கவும்பட்டார். மரோனி என்ற தேவதூதன் காட்டிய இடத்தில் பொன் தகடுகள் தமக்குக் கிடைத்தன என்றும், அவற்றிலிருந்த பண்டைய அமெரிக்க மக்களின் வரலாற்றைக் கடவுளின் வல்லமையால் மொழிபெயர்த்ததாகவும் அவர் சொன்னார். அந்த மார்மன் புஸ்தகம் 1830 மார்ச்சில் பால்மைராவில் அச்சாகி வந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி சபை தொடங்கியது.

எதிர்ப்பு நூலைவிட முந்தியது. ஏப்னர் கோல் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், நூல் வெளிவருவதற்கு முன்பே அதே அச்சகத்திலிருந்து பக்கங்களை எடுத்துத் தம் இதழில் அனுமதியின்றி வெளியிட்டார். அதைப் பகடி செய்தும் எழுதினார். ஆனால் முதல் கனமான விமர்சனம் 1831-இல் அலெக்சாண்டர் கேம்ப்பெல் என்ற போதகரிடமிருந்து வந்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, திரித்துவம் எப்படிப்பட்டது, ரகசியச் சங்கங்கள் தகுமா, குடியரசு ஆட்சி சிறந்ததா என்று கடந்த பத்தாண்டுகளாக நியூயார்க் மாநிலத்தில் விவாதிக்கப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகச் சொல்லப்படும் இந்நூலில் விடை இருப்பது எப்படி என்று அவர் கேட்டார். அவருடைய நடை வசை நிறைந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி கூர்மையானது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் அதைத்தான் வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 1834-இல் ஒஹையோவில் ஈ. டி. ஹௌ வெளியிட்ட நூல். சபையிலிருந்து நீக்கப்பட்ட ஃபிலாஸ்டஸ் ஹர்ல்பட் என்பவர் பால்மைராவுக்குச் சென்று ஸ்மித் குடும்பத்தின் அண்டை வீட்டாரிடம் வாக்குமூலங்கள் திரட்டி வந்தார். அவற்றோடு, சாலமன் ஸ்பால்டிங் என்ற முன்னாள் போதகர் எழுதி அச்சேறாமல் கிடந்த ஒரு கதையைத் திருடித்தான் மார்மன் புஸ்தகம் எழுதப்பட்டது என்ற கருத்தும் அந்நூலில் இடம்பெற்றது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு குடியானவன் மகனால் ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலைச் சொல்லி எழுதவைக்க முடியாது என்று எதிரிகள் நினைத்ததால், ஐம்பது ஆண்டுகள் இந்தக் கருத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1884-இல் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதி ஒன்று ஹவாயின் ஹொனலூலுவில் கிடைத்தது. படித்துப் பார்த்தபோது மார்மன் புஸ்தகத்தோடு ஒத்துப்போகும்படி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே சமயம், ஹர்ல்பட் திரட்டிய வாக்குமூலங்கள் பகைமையோடு சேகரிக்கப்பட்டவை என்றாலும், புதையல் தேடலும் மந்திரக் கல்லும் பற்றி அவை சொன்னது வெறும் கட்டுக்கதை அல்ல. நூலை மொழிபெயர்த்தபோது ஸ்மித் பயன்படுத்திய கல்லின் படத்தை சபையே 2015-இல் வெளியிட்டது. ஒரே நூலில் ஒரு பாதி பொய்த்துப்போக, மறு பாதி நின்றுவிட்டது. மார்மன் சமயத்தைப் பற்றிய பழைய எதிர்ப்பு நூல்களைப் படிக்கும் எவரும் வரிக்கு வரி இப்படிப் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

சபை அடுத்துக் குடிபெயர்ந்த ஒஹையோவில் வன்முறை சிறிய அளவில் தொடங்கியது. 1832 மார்ச் மாதத்தில் ஹைரம் என்ற ஊரில் ஒரு கும்பல் இரவில் வீடு புகுந்து ஸ்மித்தையும் அவருடைய நெருங்கிய துணைவரான சிட்னி ரிக்டனையும் வெளியே இழுத்துப் போட்டு, உடம்பில் தார் பூசி இறகு ஒட்டியது. 1837-இல் கர்ட்லண்ட் நகரில் சபைத் தலைவர்கள் உரிமம் பெறாமல் தொடங்கிய வங்கி முறிந்தபோது பணத்தை இழந்தவர்களில் பலர் விசுவாசிகள். சபைக்குள்ளிருந்தே முதல் பெரிய பிளவு அப்போதுதான் எழுந்தது. சபையின் உயர்மட்டத் தலைவர்களான அப்போஸ்தலர்களில் சிலரும் விலகினார்கள்.

உண்மையான கொடுமை நடந்தது மிசூரியில். கிறிஸ்து திரும்பி வரும்போது அமையவிருக்கும் சீயோன் நகரம் மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் என்ற எல்லையோர ஊர்தான் என்று 1831-இல் ஸ்மித் வெளிப்பாடு அறிவித்தார். வடகிழக்கிலிருந்து விசுவாசிகள் அலையலையாக வந்து குடியேறினார்கள். நிலத்தைச் சேர்ந்து வாங்கினார்கள், தங்களுக்குள்ளேயே கொண்டான் கொடுத்தான் வைத்துக்கொண்டார்கள், தேர்தலில் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். இந்த நிலம் கடவுளால் எங்களுக்குத் தரப்பட்டது என்று அக்கம்பக்கத்தாரிடமே சொன்னார்கள். அங்கே முன்பே இருந்தவர்களோ பெரும்பாலும் தென்மாநிலங்களிலிருந்து அடிமைகளோடு வந்தவர்கள். 1833 ஜூலையில் மார்மன்களின் பத்திரிகை, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் மாநிலத்துக்குள் வருவது தொடர்பான சட்டங்களை எடுத்துச் சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டது. அடிமைகளைக் கிளப்பிவிட இவர்கள் ஆள் அழைக்கிறார்கள் என்று ஊர் கொந்தளித்தது. பத்திரிகை அவசரமாக மறுப்பு வெளியிட்டும் பயனில்லை. ஜூலை 20-ஆம் தேதி கூட்டம் கூடி, அச்சகத்தை இடித்துத் தள்ளி, பிஷப் எட்வர்ட் பார்ட்ரிஜுக்குத் தார் பூசி இறகு ஒட்டியது. நவம்பர் மாதத்துக் குளிரில் குடும்பங்கள் மிசூரி ஆற்றைக் கடந்து ஓடின. ஊரார் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், மார்மன்கள் அற்புதங்களையும் வெளிப்பாடுகளையும் உரிமை கொண்டாடுவதைப் பற்றிய ஏளனத்துக்குப் பக்கத்திலேயே, இவர்கள் பெருகினால் ஷெரீப் பதவியும் நீதிபதி பதவியும் இவர்கள் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அச்சம்தான் அந்த அறிக்கையின் உயிர் என்பது என் கருத்து.

அடுத்த மோதல் ஐந்தாண்டுகளில் வந்தது. மார்மன்களுக்கென்றே 1836-இல் கால்ட்வெல் மாவட்டம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் அதன் எல்லை தாண்டிப் பக்கத்து மாவட்டங்களில் குடியேறியதும் பழைய பகை திரும்பியது. இந்தக் கட்டத்தில் மார்மன்கள் அடிபட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1838 ஜூலை 4-ஆம் தேதி சிட்னி ரிக்டன் ஆற்றிய உரையில், இனி எங்களைத் தாக்கினால் அது இரு தரப்பில் ஒன்று அழியும் போராக இருக்கும் என்று அறைகூவினார். தானியர் என்ற பெயரில் ஒரு ரகசியப் படை உருவாகி, சபைக்குள் மாறுபட்டவர்களை முதலில் மிரட்டி விரட்டியது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி காலட்டின் நகரில் மார்மன்களை வாக்களிக்க விடாமல் தடுத்ததில் கைகலப்பு மூண்டது. அக்டோபரில் மார்மன் படையினர் அதே காலட்டினைச் சூறையாடித் தீ வைத்தார்கள். அக்டோபர் 25-இல் குரூக்கட் ஆற்றங்கரையில் மாநிலக் குடிப்படைப் பிரிவொன்றோடு மோதினார்கள். இந்த மோதலைப் பற்றி மிகைப்படுத்தப்பட்ட செய்திகள் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. மார்மன்களைப் பகைவர்களாக நடத்த வேண்டும், தேவைப்பட்டால் அழித்தொழிக்கவோ மாநிலத்தை விட்டுத் துரத்தவோ வேண்டும் என்று அக்டோபர் 27-ஆம் தேதி அவர் எழுத்தில் ஆணையிட்டார். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் ஆயுதமேந்திய கும்பல் புகுந்து 17 பேரைச் சுட்டுக் கொன்றது. கொல்லன் பட்டறைக்குள் ஒளிந்திருந்த பத்து வயதுச் சிறுவனும் அவர்களில் ஒருவன்.

ஒரு மாநில ஆளுநர் தம் குடிமக்களைப் பற்றி இப்படி ஆணை எழுதியதற்கு எந்தச் சூழலும் நியாயமாகாது. பிடிபட்ட ஸ்மித்தைப் பொதுச் சதுக்கத்தில் வைத்துச் சுட்டுக் கொல்லும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, இது பச்சைக் கொலை என்று சொல்லிக் கீழ்ப்படிய மறுத்தவர் குடிப்படைத் தளபதி அலெக்சாண்டர் டோனிஃபன். அவர் மார்மன் அல்லர். மறுத்தபின் தம் படையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆளுநரின் ஆணை ஏட்டளவில் 138 ஆண்டுகள் இருந்தது. 1976 ஜூன் மாதத்தில் ஆளுநர் கிட் பாண்ட் அதை ரத்துச் செய்து வருத்தம் தெரிவித்தார்.

இல்லினாய் மாநிலம் அகதிகளை முதலில் அன்போடு ஏற்றது. மிசிசிப்பி கரையில் நாவு என்ற நகரை அவர்கள் எழுப்பினார்கள். 1840-இல் மாநிலம் வழங்கிய நகரச் சாசனம் தனி நீதிமன்றத்துக்கும் தனிக் குடிப்படைக்கும் இடம் கொடுத்தது. சில ஆண்டுகளில் ஸ்மித் ஒரே நேரத்தில் சபையின் தீர்க்கதரிசி, நகர மேயர், நகர நீதிமன்றத் தலைவர், குடிப்படையின் தளபதி. 1844-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கும் வேட்பாளர். இத்தனை அதிகாரம் ஒருவர் கையில் குவிவதைப் பற்றிய கவலை சமய வெறுப்பிலிருந்து மட்டும் பிறந்ததாகச் சொல்ல முடியாது. இதற்கிடையே பலதார மணத்தை அவர் நெருங்கிய வட்டத்தில் ரகசியமாகக் கற்பித்து நடைமுறைப்படுத்தி, வெளியே மறுத்துவந்தார்.

சபைத் தலைமையில் ஸ்மித்துக்கு இரண்டாம் ஆலோசகராக இருந்த வில்லியம் லா இதை ஏற்க மறுத்தார். 1844 ஜூன் 7-ஆம் தேதி அவரும் சிலரும் சேர்ந்து ஒரு செய்தித்தாள் கொண்டுவந்தார்கள். பலதார மணம் ரகசியமாகக் கற்பிக்கப்படுகிறது, சமயமும் ஆட்சியும் ஒன்றாகிவிட்டன, கடவுளர் பலர் உண்டு என்ற புதுப் போதனை நுழைந்துவிட்டது என்று அதில் எழுதினார்கள். பதற்றமான நடையில் எழுதப்பட்டது என்றாலும், அதன் மையமான குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் உண்மை. நகர மன்றம் அந்தத் தாளைப் பொதுத் தொல்லை என்று தீர்மானித்தது. மேயரான ஸ்மித்தின் ஆணைப்படி ஜூன் 10-ஆம் தேதி அச்சகம் அழிக்கப்பட்டது. மிசூரியில் தங்கள் அச்சகம் இடிக்கப்பட்டதைப் பதினோரு ஆண்டுகளாக மறக்காதவர்கள், இன்னொருவர் அச்சகத்தை இடித்தார்கள். மார்மன் வரலாற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் நாள்களில் அது ஒன்று.

அண்டை ஊரான வார்சாவில் பத்திரிகை நடத்திய தாமஸ் ஷார்ப், ஆயுதம் எடுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஸ்மித் சரணடைந்து கார்த்தேஜ் சிறையில் அடைக்கப்பட்டார். ஆளுநர் தாமஸ் ஃபோர்டு பாதுகாப்புக்கு உறுதி கொடுத்திருந்தார். ஜூன் 27-ஆம் தேதி மாலை, முகத்தில் கரி பூசிய கும்பல் சிறைக்குள் புகுந்து ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. ஷார்ப் உட்பட ஐந்து பேர் மறு ஆண்டு விசாரிக்கப்பட்டு விடுதலையானார்கள். சாசனம் பறிக்கப்பட்டது. 1846-இல், ஸ்மித்துக்குப் பின் சபையின் பெரும்பகுதியை வழிநடத்திய பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கிய பயணம் தொடங்கியது. எல்லோரும் அவர் பின்னே போகவில்லை. ஸ்மித்தின் மனைவி எம்மாவும் மக்களும் அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய மகன் 1860-இல் தலைமையேற்ற தனிச் சபை, பலதார மணத்தைத் தொடக்கத்திலிருந்தே கண்டித்தது.

1847-இல் இன்றைய யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபின், யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலையில் 1852 ஆகஸ்டில் அப்போஸ்தலரான ஆர்சன் பிராட் பலதார மணத்தைப் பொது மேடையில் அறிவித்தார். அதன் எதிரொலி சென்னைவரை கேட்டது. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகிய மார்மன் ஊழியர்கள் சென்னைக்கு வந்து, பெரும்பாலும் ஆங்கிலேயப் படைவீரர்களிடையே போதித்தார்கள். வேப்பேரியிலிருந்த கிறிஸ்தவ அச்சகம் மார்மன் கொள்கையைத் தாக்கித் துண்டு நூல் வெளியிட, பாலன்டைன் சென்னையிலேயே மறுப்பு அச்சிட்டார். பலதார மணத்துக்காக வாதாடி ஓர் உரையாடல் நூலும் எழுதினார். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. 1854-இல் அவர் கப்பலேறிவிட்டார்.

அமெரிக்காவில் எதிர்ப்பு இப்போது மாநிலக் கும்பல்களின் கையிலிருந்து நாட்டு அரசின் கைக்கு மாறியது. 1856-இல் குடியரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் பலதார மணத்தையும் அடிமை முறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று சேர்த்துச் சொன்னது. 1857-இல் குடியரசுத் தலைவர் புக்கானன் யூட்டாவுக்குப் படை அனுப்பினார். மீண்டும் துரத்தப்படுவோம் என்ற பீதியும் போர்ப்பேச்சும் நிறைந்த அந்தச் சூழலில்தான் செப்டம்பர் 11-ஆம் தேதி மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் படுகொலை நடந்தது. ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வண்டிகளில் போய்க்கொண்டிருந்த குடும்பங்களைச் சில நாள்கள் முற்றுகையிட்ட தெற்கு யூட்டா மார்மன் குடிப்படையினர், வெள்ளைக்கொடி காட்டி, பத்திரமாக அழைத்துப் போகிறோம் என்று நம்பவைத்து, ஏறத்தாழ 120 பேரைக் கொன்றார்கள். விவரம் அறியாத 17 பிள்ளைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். முழுப் பழியையும் பையூட் பழங்குடியினர்மேல் போட முயன்றார்கள். தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ ஒருவர்தான், 1877-இல் அதே இடத்தில் சுடப்பட்டார். மார்மன்கள் துன்புறுத்தப்பட்ட வரலாற்றை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இதையும், இதை மட்டும் கேட்டவர்கள் ஹான்ஸ் மில்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் சட்டப் போர். 1862-இல் காங்கிரஸ் பலதார மணத்தைத் தடை செய்தது. அந்தச் சட்டம் செல்லுமா என்று சோதிக்க, பிரிகாம் யங்கின் செயலாளர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் வழக்குக்கு முன்வந்தார். 1879 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது, செயலில் தலையிடலாம் என்ற கோட்பாடு அங்கிருந்துதான் அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றியது. தலைமை நீதிபதி வெயிட் தம் தீர்ப்பில், கணவனின் சிதையில் எரிவது தன் சமயக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால் அரசு தடுக்கக் கூடாதா என்று கேட்டார். பலதார மணம் மார்மன்கள் வரும்வரை ஏறத்தாழ ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கமாகவே இருந்தது என்றும் எழுதினார். சட்டத்தின் முடிவை ஏற்கலாம். ஆனால் வெள்ளையரான மார்மன்கள் ஆசியரைப் போல நடக்கிறார்கள் என்பதே ஒரு குற்றமாக அங்கே ஒலிப்பதை நம்மவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. அக்காலக் கேலிச் சித்திரங்களும் பிரிகாம் யங்கை அந்தப்புரம் வைத்த துருக்கிய சுல்தானாக வரைந்தன.

1882-ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்தை நிரூபிக்கத் தேவையில்லாமல் சேர்ந்து வாழ்வதையே குற்றமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். சபைத் தலைவர் ஜான் டெய்லர் தலைமறைவாக இருந்தபோதே 1887-இல் இறந்தார். அந்த ஆண்டு வந்த எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பைக் கலைத்து, சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழி வகுத்தது. 1870 முதல் யூட்டா பெண்களுக்கு இருந்த வாக்குரிமையையும் அது பறித்தது. மார்மன் பெண்களை அடிமைத்தளையிலிருந்து மீட்கிறோம் என்று சொன்னவர்கள் அவர்களுடைய வாக்கை எடுத்துக்கொண்டார்கள். தங்களுக்காகப் பேச வந்தவர்களை எதிர்த்து யூட்டா பெண்கள் 1870 முதலே கூட்டம் போட்டுக் கண்டித்திருந்தார்கள். அதே வேளையில், பிரிகாம் யங்கை மணந்து பிரிந்த ஆன் எலைசா யங் நாடெங்கும் மேடையேறிச் சொன்ன கசப்பான அனுபவங்களும் பொய்யல்ல. ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான சாட்சியங்கள் இருந்தன. எதிர்ப்பாளர்கள் ஒன்றையும் சபை மற்றொன்றையும் மட்டுமே எடுத்துக்கொண்டன.

தென்மாநிலங்களில் இந்த வெறுப்பு உயிரையும் குடித்தது. 1879-இல் ஜார்ஜியாவில் ஜோசப் ஸ்டாண்டிங் என்ற ஊழியரும், 1884-இல் டென்னசியின் கேன் க்ரீக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கதைகளும் தம் பங்கைச் செய்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமாகும் 1887-ஆம் ஆண்டு நாவலின் பாதி, யூட்டாவில் பெண்ணைக் கடத்திக் கட்டாயமாக மணமுடிக்கும் கொடூர மார்மன்களைப் பற்றியது. உலகெங்கும் பலர் மார்மன்களை அறிந்தது அந்தக் கதை வழியாகவே.

1890-இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் புதிய பலதார மணங்களைக் கைவிடும் அறிக்கை வெளியிட்டார். 1896-இல் யூட்டா மாநிலமானது. ஆனால் அறிக்கைக்குப் பின்னும் ரகசியத் திருமணங்கள் நடந்தன. அப்போஸ்தலரான ரீட் ஸ்மூட் செனட்டுக்குத் தேர்வானபோது, அவரை அனுமதிக்கலாமா என்று 1904 முதல் 1907 வரை நடந்த விசாரணையில் இது அம்பலமானது. 1904-இல் இரண்டாம் அறிக்கை வந்த பிறகே சபை உண்மையில் அந்த வழக்கத்தை வேரறுத்தது. இன்று செய்திகளில் வரும் பலதார மணக் குழுக்கள் அப்போது பிரிந்து போனவர்களின் வழிவந்தவை. முதன்மைச் சபை அப்படிச் செய்பவர்களை நீக்கிவிடுகிறது.

இனி சமயக் கோட்பாடு. மற்றக் கிறிஸ்தவ சபைகளின் மறுப்பு தொடக்கத்திலிருந்து இன்றுவரை மாறவில்லை. பைபிளுக்கு மேலும் வேதநூல்கள் உண்டு, பிதாவுக்கு உடல் உண்டு, பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் தனித்தனி ஆட்கள், மனிதன் கடவுள்தன்மைக்கு உயரலாம் என்ற போதனைகள் பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் ஏற்கும் நைசீன் விசுவாசப் பிரமாணத்தோடு பொருந்துவதில்லை. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் தீர்மானித்ததும் இதனால்தான். இந்த விவாதத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் குற்றம் சாட்ட இயலாது. மற்றச் சபைகளின் விசுவாசப் பிரமாணங்கள் கடவுளுக்கு அருவருப்பானவை என்று தமக்குச் சொல்லப்பட்டதாக எழுதியவர் ஸ்மித்.

வரலாற்று விமர்சனத்தில் மிக வலுவானது ஆபிரகாம் புஸ்தகம் பற்றியது என்பேன். 1835-இல் கர்ட்லண்டுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் மம்மிகளோடு வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களை மொழிபெயர்த்ததாக ஸ்மித் அதை 1842-இல் வெளியிட்டார். 1912-இல் யூட்டாவின் எப்பிஸ்கோப்பல் பிஷப் ஃபிராங்க்ளின் ஸ்பால்டிங், அதிலுள்ள படங்களைப் பற்றி எகிப்தியல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டார். எல்லோரும் ஸ்மித்தின் விளக்கத்தை மறுத்தார்கள். சுருள்கள் தீயில் அழிந்துவிட்டன என்றே அப்போது நம்பப்பட்டது. 1967-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து அவற்றின் துண்டுகள் சபைக்குத் திரும்பின. அவை இறந்தவர்களோடு புதைக்கும் வழக்கமான ஈமச் சடங்கு நூல்கள் என்பதில் மார்மன் எகிப்தியல் அறிஞர்களுக்கும் இன்று கருத்து வேறுபாடில்லை. காணாமற்போன பகுதியில் மூலம் இருந்திருக்கலாம் என்று விசுவாசிகள் சிலரும், சுருள் வெறும் தூண்டுகோல், நூல் வெளிப்பாடாக வந்தது என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். மார்மன் புஸ்தகத்தில் வரும் குதிரை, எஃகு, கோதுமை போன்றவற்றுக்குக் கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் ஏற்கத்தக்க சான்று இல்லை. அமெரிக்கப் பழங்குடியினரின் மரபணு ஆய்வு ஆசிய மூதாதையரையே காட்டியது. அந்நூலின் மக்கள் பழங்குடியினரின் முதன்மை மூதாதையர் என்றிருந்த முன்னுரை வாசகம், மூதாதையருள் சிலர் என்று திருத்தப்பட்டது.

இனப் பாகுபாட்டைப் பற்றிய விமர்சனத்தில் மழுப்ப ஒன்றுமில்லை. ஸ்மித்தின் காலத்தில் எலைஜா ஏபல் போன்ற கறுப்பினத்தவர் ஆசாரியத்துவம், அதாவது சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரம், பெற்றிருந்தார்கள். 1852-இல் பிரிகாம் யங் அதைத் தடுத்தார். தடை 126 ஆண்டுகள் நீடித்தது. 1969-இல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் 14 பேர், மார்மன்களின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் இதைக் கண்டித்துக் கறுப்புப் பட்டை அணிய விரும்பியதற்காகத் தங்கள் அணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். 1978 ஜூனில் தடை நீங்கியது. தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டுவந்த, கறுப்பு நிறம் சாபத்தின் அடையாளம் என்பது போன்ற கதைகளைச் சபை 2013-இல்தான் வெளிப்படையாகக் கைவிட்டது.

இவ்வளவையும் வெளிக்கொணர்ந்ததில் உள்ளிருந்தவர்களின் பங்கு பெரிது. சபைத் தலைவர் ஒருவரின் உறவினரான ஃபான் ப்ரோடி 1945-இல் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, மறு ஆண்டு நீக்கப்பட்டார். ஜுவானிட்டா ப்ரூக்ஸ் 1950-இல் மவுண்டன் மெடோஸ் படுகொலையை ஒளிவுமறைவின்றி எழுதினார். அவர் கடைசிவரை விசுவாசியாகவே வாழ்ந்தார். அவருடைய நேர்மைக்கு முன் நான் தலை வணங்குகிறேன். 1993 செப்டம்பரில் ஆறு அறிஞர்கள்மீது சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. எதிர்ப்புச் சந்தைக்குள் மோசடியும் புகுந்தது. மார்க் ஹோஃப்மன் என்பவர் ஸ்மித் காலத்து ஆவணங்களைப் போலியாகத் தயாரித்துச் சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்று, அகப்படும் நிலை வந்ததும் 1985-இல் குண்டு வைத்து இருவரைக் கொன்றார்.

2013-க்கும் 2015-க்கும் இடையில் சபை தன் இணையதளத்தில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. ஸ்மித்துக்கு 30 முதல் 40 வரை மனைவியர் இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஒருத்தி பதினைந்து வயது நிறையாதவள் என்றும், சிலர் வேறொருவருக்கு ஏற்கெனவே மனைவியராக இருந்தவர்கள் என்றும் அவை ஒப்புக்கொண்டன. வில்லியம் லா எதற்காக அச்சகத்தை இழந்தாரோ, அதன் சாரம் 170 ஆண்டுகளுக்குப் பின் சபையின் அதிகாரபூர்வத் தளத்திலேயே வந்தது. இன்று சபையை விட்டு விலகுவோரில் பலர், நடந்ததைவிட அது தங்களுக்கு மறைக்கப்பட்டதே தாங்க முடியாதது என்கிறார்கள்.

இன்றைய விமர்சனங்கள் வேறு தளத்துக்கு நகர்ந்திருக்கின்றன. 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்கு மார்மன்கள் பெரும் பணமும் உழைப்பும் கொடுத்தது பரவலான கண்டனத்துக்கு உள்ளானது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்போர் ஞானஸ்நானம் பெறும் சடங்கில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் இருந்ததை யூத அமைப்புகள் எதிர்த்தன. 1995-இல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. ஆயினும் 2012-இல் மீண்டும் சில பெயர்கள் வெளிவந்தன. காந்தியடிகளின் பெயரும் அந்தச் சடங்கில் சேர்க்கப்பட்டிருந்ததாக அப்போது செய்தி வந்தது. 2023-இல், முதலீடுகளின் அளவு வெளியே தெரியாதபடி பெயரளவு நிறுவனங்கள் வழியாகக் கணக்குத் தாக்கல் செய்ததற்காக, அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.